ஸ்வான்சி – மம்பிள்ஸ் கடலோரப் பாதை: தட்டை என்றால் சுலபமா?

கேள்வி – 11 பிப்ரவரி 2024

கார்டிஃபில் படிக்கிறேன். ஏப்ரலில் முதல்முறையாக 10 மைல் ஓடிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஸ்வான்சியிலிருந்து மம்பிள்ஸ் வரை கடலை ஒட்டியே ஒரு பாதை போகிறது, மேடு பள்ளமே இல்லை, மேசை மாதிரி இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் வேல்ஸில் இதைவிடச் சுலபமான பாதை கிடையாது என்பது என் கணக்கு. அங்கே ஓடிப் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி 2024, இரவு

தட்டை என்பது சரி. சுலபம் என்பது தப்பு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள் தம்பி.

நான் ஸ்வான்சியின் பிரின்மில் பகுதியில் 11 வருடமாகக் குடியிருக்கிறேன். வாசல்படி இறங்கி, தெருக்கோடிக்குப் போய் ரோட்டைத் தாண்டினால் அந்தப் பாதை. வாரத்துக்கு மூன்று நாளாவது அதில் ஓடுகிறேன். மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாதுதான். ஆனால் மேடு செய்யவேண்டிய வேலையை அங்கே காற்று செய்துவிடும். மேட்டுக்காவது ஓர் உச்சி உண்டு, ஏறி முடித்தால் இறக்கம் வரும். எதிர்காற்றுக்கு உச்சி இல்லை. அது விடுகிறபோதுதான் விடும்.

பெரும்பாலான நாட்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். அப்பா இராமேசுவரத்துக்காரர், அந்தத் திசைக் காற்றைக் கச்சான் என்பார். நகரப் பக்கம் தொடங்கி மம்பிள்ஸ் நோக்கி ஓடினால் போகும்போது முழுக்க அது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். சாதாரண நாளில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுகிறவள் நான். நல்ல காற்று நாளில் அதே உழைப்புக்கு 6:45 ஆகிவிடும். கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிற பழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். மூச்சைக் கேட்டு ஓடுங்கள்.

நகரப் பக்கம்தான் தொடங்கணும். எதிர்காற்றைப் புது உடம்போடு வாங்கிக்கொள்வது நல்லது.

12 பிப்ரவரி 2024

தூரம் கேட்டிருக்கிறார்கள். ஸ்வான்சியின் படகுத்துறையான மரீனாவில் தொடங்கி மம்பிள்ஸ் பியர் (கடலுக்குள் நீளும் நடைமேடை) வரை சுமார் 9 கி.மீ. போய்த் திரும்பினால் 10 மைல்.

வழியில் வருகிறவை: முதலில் 29 மாடி மெரிடியன் கோபுரம், பிறகு சிவிக் சென்டர், அடுத்து ஸ்லிப் என்கிற இடம். அங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் பழைய கல் தூண்கட்டுகள் நிற்கும். நடுவில் இருந்த வளைவுப் பாலத்தை 2004-ல் இறக்கிவிட்டார்கள். அப்புறம் பல்கலைக்கழகமும் சிங்கிள்டன் பூங்காவும் வலது கைப்பக்கம். பிளாக்பில்லில் குழந்தைகள் விளையாடும் ஆழமில்லாத குளம். வெஸ்ட் கிராஸ், நார்ட்டன், ஆய்ஸ்டர்மத், கடைசியில் பியர். இடது பக்கம் முழுக்கக் கடல், அல்லது கடல் இருந்த இடம். இதை அப்புறம் சொல்கிறேன்.

12 பிப்ரவரி 2024, மாலை

மேலே எழுதியதில் ஒரு பிழை. 9 கி.மீ. போய்த் திரும்பினால் 18 கி.மீ., அதாவது 11 மைலுக்கு மேல். தம்பிக்கு 10 மைல் போதுமென்றால் பியர் வரை போகவேண்டாம். ஆய்ஸ்டர்மத் தாண்டி, படகுகளைக் கரையேற்றி வைத்திருக்கும் இடத்தருகே திரும்பிவிடலாம். முதல் 10 மைலில் கடைசி ஒரு மைல் தெரியாமல் கூடிப்போவது பெரிய விஷயம், அதனால்தான் திருத்துகிறேன்.

18 பிப்ரவரி 2024

இவ்வளவு தட்டையாக எப்படி ஒரு பாதை வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாதையின் உயிரே அதுதான்.

இது பாதையாகப் போடப்பட்டதே இல்லை. ரயில் போன தடம். 1804-ல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்து, சுண்ணாம்புக்கல், நிலக்கரி ஏற்றிச் செல்ல ஸ்வான்சிக்கும் ஆய்ஸ்டர்மத்துக்கும் இடையே தண்டவாளம் போட்டார்கள். இழுத்தவை குதிரைகள். 1807 மார்ச் 25-ல் அதே தடத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். உலகத்தில் காசு கொடுத்து மனிதர்கள் ரயில் தடத்தில் பயணம் போனது அதுதான் முதல்முறை. பெஞ்சமின் ஃபிரெஞ்ச் என்பவர் ஒரு வருட உரிமைக்கு 20 பவுண்டு கட்டினார்.

அப்புறம் பக்கத்திலேயே நல்ல ரோடு வந்து, குதிரை வண்டிகள் பயணிகளைப் பிடுங்கிக்கொள்ள, சேவை நின்றுபோனது. 1860-ல் மறுபடி வந்தது. 1877-ல் நீராவி. 1898-ல் மம்பிள்ஸ் பியர் திறந்தபோது தடமும் அதுவரைக்கும் நீண்டது. 1929-ல் மின்சாரம். அந்த மின்சார வண்டிகள் இரண்டு தட்டு, ஒன்றில் 106 பேர் உட்காரலாம். பிரிட்டனில் ஓடிய அந்த வகை வண்டிகளில் அவைதான் பெரியவை. 1960 ஜனவரி 5-ல் மூடிவிட்டார்கள்.

குதிரை இழுக்கணும் என்பதற்காகச் சரிவே இல்லாமல் பார்த்து வைத்த தடம். அதன் புண்ணியத்தில் 200 வருடம் கழித்து நம் முழங்கால் தப்பிக்கிறது. வளைவுகளையும் கவனியுங்கள், எங்கேயும் திடுக்கென்று திருப்பம் கிடையாது. பெரிய வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி மெதுவாக வளையும். ரயிலுக்கு அப்படித்தான் வளையத் தெரியும். பிளாக்பில்லில் தூண் வைத்த முகப்போடு ஒரு சின்னக் கட்டடம் நிற்கும், இப்போது காப்பிக் கடை. அது ரயிலுக்கு மின்சாரம் கொடுத்த துணைநிலையம்.

19 பிப்ரவரி 2024

"முதல் ரயில் 1825 ஸ்டாக்டன் – டார்லிங்டன் அல்லவா, 1830 லிவர்பூல் – மான்செஸ்டர் அல்லவா" என்று ஒருவர். அவை நீராவி எஞ்சின் கதை. நான் சொன்னது, கட்டணம் செலுத்திய பயணிகள், தண்டவாளத்தின் மேல், ஒழுங்கான சேவை. அதில் ஸ்வான்சிதான் முந்தி. குதிரை இழுத்தால் ரயில் ஆகாது என்று சொல்லலாம், சொல்லுங்கள். தடம் தடம்தான்.

3 மார்ச் 2024

முதல் குறிப்பில் "போகும்போது முழுக்க எதிர்காற்று" என்று எழுதினேன். இன்று காலை அதே தென்மேற்குக் காற்றில், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று கவனித்துக்கொண்டே ஓடினேன். நான் எழுதியது பாதிதான் சரி.

விரிகுடா பிறை வடிவம். மரீனாவிலிருந்து பிளாக்பில் வரை நாம் ஓடுவது மேற்குத் தென்மேற்காக. அங்கே காற்று நேர் முகத்துக்கு வருகிறது, தடுக்க ஒரு சுவர்கூட இல்லை. பிளாக்பில்லில் பாதை திரும்பி நேர் தெற்கே போகும். காற்று வலது கன்னத்துக்கு மாறும். அதிலும் வெஸ்ட் கிராஸ் தாண்டிய பிறகு, வலது பக்கம் இருக்கும் மேட்டு ஊரும் மம்பிள்ஸ் குன்றும் குறுக்கே வந்து காற்றை வாங்கிக்கொள்கின்றன. ஆய்ஸ்டர்மத்திலிருந்து பியர் வரை பாதை தென்கிழக்காக வளைவதால் சில இடத்தில் முதுகிலேயே தள்ளும்.

ஆக, அடி முழுவதும் விழுவது பிளாக்பில் வரையான முதல் 5 கி.மீ.யில். அதற்குள் பதறி வேகம் கூட்டாமல் இருந்தால் மீதி தானாக வரும். 11 வருடம் ஓடிவிட்டு இதை இப்போதுதான் பார்க்கிறேன். முன்பெல்லாம் பிளாக்பில் தாண்டியதும் "உடம்பு சூடேறிவிட்டது, அதான் நன்றாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. இந்த மாதங்களில் காற்று மணலை அள்ளிக் கொண்டுவந்து சிவிக் சென்டர் பக்கம் பாதைமேல் கொட்டியிருக்கும். மேலே பார்த்தால் மெல்லிய படலம், கால் வைத்தால் கணுக்கால் வழுக்கும். அந்த இடத்தில் அடியைக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

12 மார்ச் 2024

கடல் இருந்த இடம் என்று சொன்னேனே, அது.

பிரிஸ்டல் கால்வாயில் ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறி இறங்கும் உயரம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. ஸ்வான்சியில் பெரிய ஓத நாட்களில் ஏறத்தாழ 10 மீட்டர். மூன்று மாடி உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் போய்விடும். கரையோ மிகவும் சாய்வு குறைந்தது, அதனால் வற்றும்போது கடல் பின்வாங்கிப் பின்வாங்கி, தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடாகப் போய்விடும். நடுவில் ஈர மணலும் சேறும். கடல் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள் அந்த நேரத்தில் வந்தால் ஏமாந்து போவார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். வற்றிய நேரத்தில் வெளிச்சம் தரையிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும்.

நம் ஊர் நாள்காட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றம் எப்போதும் காலையும் மாலையும் 7 மணியைச் சுற்றித்தான் வரும். நண்பகலுக்குப் பக்கத்தில் வற்றம். நேற்று முன்தினம் அமாவாசை. இன்று காலை 7 மணிக்கு ஓடும்போது தண்ணீர் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. முழு விரிகுடாவையும் தண்ணீரோடு பார்க்க ஆசை என்றால் நாள்காட்டியைப் பார்த்து வாருங்கள் தம்பி.

13 மார்ச் 2024

ஓதத்துக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை, வேடிக்கைக்குத்தான் என்று நேற்றைய குறிப்பு படும். அப்படி இல்லை. பெரிய ஏற்றமும் புயல் காற்றும் ஒன்றாக வந்தால் மம்பிள்ஸ் முனைப் பக்கம் அலை சுவர் தாண்டிப் பாதையில் விழும். அங்கே கடல் தடுப்புச் சுவரைப் பெரிதாக்கும் வேலை நடந்ததே அதற்காகத்தான். அப்படிப்பட்ட நாளில் பிளாக்பில்லோடு திரும்பிவிடுங்கள்.

கலங்கரை விளக்கத்துக்கும் இதையே சொல்கிறேன். 1794-ல் கட்டியது, பியருக்கு அப்பால் இரண்டு சின்னத் தீவுகளில் தள்ளி இருப்பதன் மேல் நிற்கிறது. வற்றும்போது பாறைகள் மேல் நடந்தே போகலாம் போலத் தெரியும். ஓட்டத்தின் நடுவில் அந்த ஆசை வேண்டாம். தண்ணீர் திரும்புகிற வேகம் நம் கால் வேகத்தைவிட அதிகம்.

14 ஏப்ரல் 2024 – கேட்டவர்

ஓடிவிட்டேன் அக்கா. 10 மைல், 1 மணி 52 நிமிடம். பிளாக்பில் வரை நீங்கள் சொன்ன மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே போனேன். திரும்பும்போது யாரோ பின்னால் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு நாளாகக் கெண்டைக்கால் கல்லு மாதிரி. மேடே இல்லாத பாதையில் ஏன் இப்படி?

14 ஏப்ரல் 2024, இரவு

1:52! புத்தாண்டு அன்று நல்ல செய்தி. மனசு நிறைந்தது.

கெண்டைக்கால் விஷயம் தட்டைப் பாதையின் இன்னொரு முகம். மேடு பள்ளத்தில் ஏறும்போது ஒரு தசை, இறங்கும்போது ஒரு தசை, வேலை மாறி மாறி நடக்கும். இங்கே 16 கி.மீ.யும் ஒரே அடி, ஒரே நீட்டல். ஒரே நரம்பை ஆயிரக்கணக்கான தடவை மீட்டுகிற மாதிரி. கால் மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடங்கள், அல்லது அடியைக் கொஞ்சம் குறுக்கி ஓடுங்கள். நான் வாரத்தில் ஒருநாள் பாதையை விட்டு சிங்கிள்டன் பூங்காவுக்குள் ஏறி இறங்கி வருவது இதற்காகத்தான். மே மாதம் என்றால் பிளாக்பில் அருகே கிளைன் தோட்டத்துக்குள் போவேன், ரோடோடென்ட்ரான் பூத்துக் குலுங்கும்.

காற்று பற்றிச் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இத்தனை நாள் எழுதவில்லை, இன்று எழுதுகிறேன்.

இங்கே வந்த மூன்றாவது வருடம், ஜனவரி மாதம். இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்து, மதியம் 2 மணிக்கு ஓடக் கிளம்பினேன். உடம்பு பறந்தது. மம்பிள்ஸ் வரை மூச்சே வாங்கவில்லை. இவ்வளவு முன்னேறிவிட்டேனா என்று சந்தோஷத்தில் வேகம் கூட்டினேன். ஆய்ஸ்டர்மத்தில் திரும்பிய அந்த நொடியில்தான் விஷயம் புரிந்தது. அன்றைக்குக் காற்று வடகிழக்கு. அவ்வளவு தூரமும் அது என்னைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. வேர்வையில் நனைந்த மெல்லிய சட்டை, எதிரே ஐஸ் மாதிரி காற்று, டிசம்பர், ஜனவரியில் 4 மணிக்கு மேல் இருட்டத் தொடங்கிவிடும். வெஸ்ட் கிராஸ் வரும்போது விரல்கள் மரத்துப்போய் மடங்கவில்லை. கையில் போனும் இல்லை, காசும் இல்லை.

பேருந்து நிழற்குடையில் ஒதுங்கி நின்றேன். ஏற்கெனவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றுமே கேட்காமல் கழுத்துத் துண்டைக் கழற்றிக் கொடுத்தார். பேருந்துக்கும் அவரே காசு கொடுத்தார். போகும் வழியில்தான் சொன்னார், நீ ஓடி வந்த இடத்தில்தான் எங்கள் ரயில் ஓடியது, வெஸ்ட் கிராஸிலும் நிற்கும், சின்னப் பையன்களாக மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடிக்க அடித்துக்கொள்வோம் என்று. அதுவரை எனக்கு ரயில் கதை தெரியாது. அது வெறும் நடைபாதை என்றுதான் ஓடிக்கொண்டிருந்தேன்.

துண்டைத் துவைத்து வைத்துக்கொண்டு பல வாரம் அதே நேரத்தில் அந்த நிழற்குடையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். அவரை மறுபடி பார்க்கவில்லை. துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் ஓடும்போது இடுப்பில் கட்டிக்கொள்வேன்.

அதனால் நான் சொன்ன விதியைத் திருத்திக்கொள்ளுங்கள். "நகரப் பக்கம் தொடங்கணும்" இல்லை. "காற்று வரும் பக்கம் பார்த்துத் தொடங்கணும்." போகும்போது சுலபமாக இருந்தால் நின்று யோசியுங்கள்.

23 ஜூன் 2024

இந்த மாதம் ஓடாதவர்கள் எப்போது ஓடப்போகிறார்கள். காலை 5 மணிக்கு வெளிச்சம், இரவு 9:30 வரை வெளிச்சம். நேற்று இரவு 8 மணிக்குக் கிளம்பி, அவசரமே இல்லாமல் பியர் வரை போய் வந்தேன். விரிகுடா கிழக்கும் தெற்கும் பார்த்து இருப்பதால் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க முடியாது, முதுகுப் பக்கம் ஊருக்குள் இறங்கும். ஆனால் அந்தக் கடைசி வெளிச்சம் ஈர மணல் முழுக்க இளஞ்சிவப்பாகப் படியும். மணலில் கறுப்பு வெள்ளை உடம்பும் நீளமான செம்மஞ்சள் அலகுமாக ஒரு பறவை, கூட்டமாக மேயும். சிப்பி பிடித்துத் தின்கிற இனம். கிட்டப் போனால் ஒன்றாகக் கத்திக்கொண்டு எழும்பும். பிளாக்பில் கரை இந்தக் கரைப்பறவைகளுக்காகவே பாதுகாக்கப்பட்ட இடம். நாயோடு ஓடுகிறவர்கள் அங்கே மணலில் இறங்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோடையில் பாதை நெரிசல் என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். உண்மை. சைக்கிள், குழந்தை வண்டி, ஐஸ்கிரீம் வரிசை எல்லாம் உண்டு. சைக்கிள்காரர்கள் பின்னால் மணி அடித்தால் பதறிக் குறுக்கே பாயாமல் நேர்கோட்டிலேயே ஓடுங்கள், அவர்கள் விலகிப் போவார்கள். காதில் பாட்டு வைக்காமல் ஓடுவது நல்லது. காற்றையும் கேட்கணுமே.

24 ஜூன் 2024

ஐஸ்கிரீம் என்று சொன்னதும் எந்தக் கடை என்று நாலு பேர். 1922 முதல் இருக்கிற ஜோஸ். இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தின் கடை. வெனிலா மட்டும் வாங்குங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

31 ஆகஸ்ட் 2024

கிரிக்கெட் பிரியர்களுக்காக இன்று ஒரு குறிப்பு, தேதி அப்படி.

ஸ்லிப் தாண்டியதும் வலது பக்கம், ரோட்டுக்கு அந்தப் புறம் செயின்ட் ஹெலன்ஸ் மைதானம். 1968 ஆகஸ்ட் 31 அன்று அங்கேதான் கேரி சோபர்ஸ் மால்கம் நாஷின் ஒரே ஓவரில் ஆறு பந்துக்கும் ஆறு சிக்ஸர் அடித்தார். முதல்தர ஆட்டத்தில் அது முதல்முறை. கடைசிப் பந்து மைதானத்துக்கு வெளியே தெருவில் போய் விழுந்தது. இரண்டாவதாக அதைச் செய்தவர் நம் ரவி சாஸ்திரி, 1985-ல் பம்பாய்க்காக. அதே சாஸ்திரி 1987 முதல் சில வருடம் கிளாமர்கன் அணிக்கு ஆடியவர், சோபர்ஸ் அன்று அடித்தது அந்தக் கிளாமர்கனைத்தான்.

மைதானத்தைத் தாண்டும்போதெல்லாம் கடைசி 200 மீட்டர் வேகமாக ஓடுவது என் பழக்கம். செப்டம்பரில் நடக்கும் ஸ்வான்சி விரிகுடா 10 கி.மீ. பந்தயமும் இந்த மைதானத்துப் பக்கம்தான் தொடங்கி முடிகிறது. போகும்போது ரோட்டில் வெஸ்ட் கிராஸ் வரை, திரும்பும்போது நம் பாதை. போகும்போது காற்று, வரும்போது தள்ளல், பாதியில் திருப்பம்: இந்த இழையில் பேசியதெல்லாம் பந்தயத்துக்கும் பொருந்தும்.

1 அக்டோபர் 2024

நேற்று போர்ட் டால்போட் உருக்காலையின் கடைசி ஊதுலை நின்றுவிட்டது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், விரிகுடாவின் எதிர்க்கரையில் தெரியும் அந்தப் புகைபோக்கிகள்தான் இத்தனை வருடமும் எனக்குக் காற்றுகாட்டி. பாதையில் கால் வைத்ததும் இடது கைப்பக்கம் தூரத்தில் பார்ப்பேன். வெண்புகை நிலத்துப் பக்கம் சாய்ந்தால் மேற்குக் காற்று, கடல் பக்கம், நம்மை நோக்கிச் சாய்ந்தால் கிழக்கு. நேராக எழுந்தால் அன்றைக்குச் சொர்க்கம். மேலே சொன்ன அந்த ஜனவரியில் அதைப் பார்க்கத் தெரியாமல் போனதால்தான் மாட்டினேன். அதன் பிறகு ஒருநாளும் பார்க்காமல் தொடங்கியதில்லை.

இன்று காலையும் பழக்கத்தில் கழுத்து திரும்பியது. பழைய புகை இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் வீடுகள் எத்தனையோ. என் கூடப் பணியாற்றும் ஒருவரின் கணவர் அதில் ஒருவர். நேற்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காற்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கொடி கிடைத்துவிடும்.

9 பிப்ரவரி 2025

இழை தொடங்கி ஒரு வருடம். ரயிலின் தொடக்கக் காலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று கிடைத்தது, படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

1807 ஏப்ரல், பயணிகள் சேவை தொடங்கிச் சில வாரங்கள்தான். மாலுமிகள் சிலர் தண்டவாள வண்டி ஒன்றில் பாய்மரம் கட்டிவிட்டார்கள்! குதிரை இல்லை. காற்று சாதகமாக, பலமாக அடிக்க, ஸ்வான்சித் துறையிலிருந்து கிளம்பி ஆய்ஸ்டர்மத் தட முடிவு வரை, சுமார் நாலரை மைல், முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த சேதி.

இரண்டு விஷயம் எனக்குத் தட்டுப்பட்டன. ஒன்று, காற்று அவர்களை மம்பிள்ஸ் பக்கம் தள்ளியது என்றால் அன்றைக்குக் கச்சான் இல்லை, கிழக்குக் காற்று. வசந்தகாலத்தில் இங்கே அது நாள்கணக்கில் நின்று அடிப்பது உண்டு. என் ஜனவரி மதியம் என்னைத் தள்ளிய அதே பக்கத்துக் காற்று. இரண்டு, கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நாலரை மைல், 45 நிமிடம், கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 13 விநாடி. நான் ஓடுகிற வேகம். பாய் விரித்த வண்டியும் நானும் பக்கத்துப் பக்கத்தில் போயிருப்போம்.

அவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே காற்றில் பாயை வைத்துக்கொண்டு தண்டவாளத்தில் திரும்ப முடியாது. தள்ளிக்கொண்டு வந்தார்களோ, குதிரையைக் கூப்பிட்டார்களோ. போகும்போது சுலபம், வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்கள் அந்தத் தடத்தில் எனக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

23 ஏப்ரல் 2025

இன்று பியர் வரை போய், முனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். 1947-ல் இதே நாள் சாம்டாம்பா என்ற கப்பல் புயலில் ஸ்கர் முனைப் பாறையில் மோதி உடைந்தது. கப்பலில் 39 பேர். காப்பாற்றக் கிளம்பிய மம்பிள்ஸ் மீட்புப் படகில் 8 பேர். யாரும் திரும்பவில்லை. ஆய்ஸ்டர்மத் தேவாலயத்தில் அவர்களுக்காக வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கிறது. ஓட்ட உடையோடு உள்ளே போகலாமா என்று தயங்கவேண்டாம். நான் போயிருக்கிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காற்றைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

25 ஏப்ரல் 2025 – கேட்டவர்

அக்கா, நாளை மறுபடி வருகிறேன். இந்த முறை பியர் வரை, முழு 18 கி.மீ. கார்டிஃபிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மரீனாவில் காலை 8 மணி சரியா?

25 ஏப்ரல் 2025, இரவு

சரியில்லை. நாளை கிழக்குக் காற்று என்கிறார்கள். மரீனாவில் இறங்காதீர்கள், பேருந்து பிடித்து நேராக மம்பிள்ஸ் வந்துவிடுங்கள். பியரில் தொடங்கி மரீனா போய்த் திரும்புவோம். பிளாக்பில்லிலிருந்து மரீனா வரை கஷ்டப்படும், அதைத் தாண்டினால் பாய் விரித்த மாதிரி வந்துவிடலாம். கையுறை கொண்டு வாருங்கள், பேருந்துக்குக் காசும். 8 மணிக்குப் பியர் வாசலில் நிற்கிறேன், இடுப்பில் பச்சைத் துண்டு கட்டியிருப்பேன்.